அந்த வீட்டுக்கு எத்தனை வாசல்

திருத்தங்கல் அச்சாபீசில் நான் வேலை பார்த்தபோது, டீக்கடையில் ஒருவரைப் பார்ப்பேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் அலுமினியப் பவுடர் மின்னும். எங்கே போனாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவார்.

ஆப்கானிஸ்தான் சண்டை டிவியில் ஓடிய காலம். ஒரு சாயங்காலம், தீவிரவாதி பதுங்கியிருப்பதாகச் சொல்லி ஒரு வீட்டின் மேல் விமானம் குண்டு போட்டதைக் காட்டினார்கள். உள்ளே ஒரு குடும்பமும் இருந்ததாம். கடையில் யாரும் டீயைக் கீழே வைக்கவில்லை.

"நாலு பேரு சாகத்தான் செய்வாக. அதுக்காகத் தீவிரவாதிய விட்டுற முடியுமா?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த வீட்டுக்கு எத்தன வாசல் இருந்துச்சாம் அண்ணாச்சி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க மருந்து கலக்குற ரூமுக்கு நாலு வாசல். நாலு பேருக்கு மேல உள்ள விடமாட்டாக. வெடிச்சா ஆளுக்கொரு பக்கம் ஓடணும்ல."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என்னை மடக்கத்தான் கேட்டாரா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகும் நான் அதே பேச்சைத்தான் பேசி வருகிறேன். ஆனால் டிவியில் குண்டு விழுந்த வீட்டைக் காட்டினால், கண் வாசலைத் தேடுகிறது. இடிந்த வீட்டில் எது வாசல் என்று தெரிவதில்லை.