படிக்கிணற்றுக் கோடுகள்

வடக்கு இங்கிலாந்தின் இந்த நூற்பாலை ஊரில், பக்கத்து வீட்டம்மா ஞாயிறுதோறும் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குருவி எண்ணுகிறார். எண்ணியதை ஓர் அட்டையில் எழுதி, ஏதோ ஒரு சங்கத்துக்குத் தபாலில் சேர்க்கிறார். நாடு முழுக்கப் பலர் இப்படிச் சம்பளமில்லாமல் எண்ணுகிறார்களாம். நானும் ஊரில் ஆட்களைச் சேர்த்து எண்ணியவள்தான் என்றேன். "என்ன பறவை?" என்று ஆவலாகக் கேட்டார். புழு என்றேன். மண்புழு என்று எண்ணிக்கொண்டு, "கார்டனுக்கு மிக நல்லது!" என்று பாராட்டினார். அதற்கு மேல் விளக்க எனக்கு ஆங்கிலமும் போதவில்லை, மனமும் வரவில்லை.

அன்னவாசலை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் நர்ஸாக இருந்தேன். கோடை வந்தால் பாதி ஊர் படுத்துவிடும். நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போலப் புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் பிடிக்கும். தண்ணீரில்தான் வருகிறது, எந்தக் கிணறு என்று காட்டினால் மேலே எழுதலாம் என்றார் புதுக்கோட்டை டாக்டர். தெருவுக்கு ஒரு பெண்ணாகக் கேட்டுச் சேர்த்தேன். எழுத்துத் தெரியாதவர்களே அதிகம். அதனால் தாளில் படிக்கிணற்றுக்குப் படியும், இறைகிணற்றுக்கு வாளியும் வரைந்து கொடுத்தேன். யாருக்குச் சிலந்தி வந்தாலும், அவர் குடிக்கும் கிணற்றுக்கு நேரே கரியால் ஒரு கோடு.

கோடை முடிவில், அந்தப் பெண்களில் ஒருத்தியான சிவகாமி தாள்களை என் முன்னால் பரப்பினாள். "பாருங்க நர்ஸம்மா, படிக்கெணத்துப் பக்கமே நெறைஞ்சு கெடக்கு. வாளிப் பக்கம் ஒண்ணுமில்லங்க."

புண்காலோடு படியிறங்கித் தண்ணீரில் நின்றவர்களிடமிருந்துதான் அது பரவியிருக்கிறது. தாள்களைப் பார்த்த அதிகாரி படிகளை அடைத்துச் சுவர் எழுப்பி, வாளியால் இறைக்கக் கப்பி போட உத்தரவிட்டார். எங்கள் பெண்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

அடுத்த கோடையிலும் சிலந்தி வந்தது. உடம்புக்குள் போன புழு வெளியே வர ஒரு வருடமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். யார் காதில் ஏறும்? "படிய அடைச்சு எங்க இடுப்ப ஒடிச்சதுதான் மிச்சம். சிலந்தி போச்சாங்க?" என்று வழிமறித்துக் கேட்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் எண்ணமே தப்போ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிவகாமியின் கணவருக்கு முழங்காலில் புழு அறுந்தது. ரணஜன்னி கண்டு தாடை இறுகி, மூன்றாம் நாள் போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரம் அவள் தாளோடு வந்தாள்.

"இவுகளுக்கும் ஒரு கோடு போட்டுருக்கேங்க. சரியான்னு பாத்துக்கங்க."

என்னால் அதை வாங்க முடியவில்லை. "போதும் சிவகாமி. இனிமே எண்ண வேணாம்."

"வேணாமுன்னா இவுக கோடு எதுக்குங்க?"

அந்த மழைக்காலத்தில் என் கணவருக்கு இங்கே மில்லில் வேலை கிடைத்தது. கூட வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஓடிவந்தேன் என்பதே உண்மை. இங்கே குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அவள் கேள்விதான் காதில் விழும்.

போன வாரம் நீல விமானக் கடிதம் வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். சிவகாமிதான் யாரிடமோ சொல்லி எழுதுவித்திருந்தாள். "கோடை முடிஞ்சிருச்சுங்க. விட்டுட்டுப் போனவளுகளும் திரும்பி வந்தாளுக. தெருத்தெருவாப் பாத்தோம். ஒருத்தருக்கும் வரலைங்க. தாளு வெறுசாக் கெடக்கு. நீங்க இங்கிட்டு இருந்து பாத்திருக்கலாம்."

நான் அழுவதைக் கண்டு, கடிதம் கொடுத்துவிட்டுப் போன தபால்காரர் திரும்பி வந்தார். "கெட்ட செய்தியா, மேடம்?"

"இல்லை. இந்த வருடம் ஒருவருக்கும் வரவில்லை," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீர்கள். அடுத்த வருடம் கண்டிப்பாக வரும்."

'தாங்க் யூ' என்று என் வாய் சொன்னது. அவர் போன பிறகும், உள்ளே போகவும் தெருவில் இறங்கவும் தோன்றாமல் நெடுநேரம் வாசற்படியிலேயே நின்றிருந்தேன்.