பேப்பருக்கு ஒன்று, பிலோமினா அக்காவுக்கு ஒன்று

பத்திரிகை அலுவலக எண்ணிலிருந்து போன் வந்தபோது நான் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். கேஸ் விலை ஏறியிருக்கும், இல்லையென்றால் பஸ் கட்டணமாக இருக்கும், பிலோமினா அக்கா தன் போனில் சார்ஜ் தீர்ந்துபோய் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்ல ஒரு விஷயம் வைத்திருந்தேன். நான் மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன். என் கணவருக்கு அடுத்து அக்காவுக்குத்தான் சொல்லவேண்டும் என்று, எப்போது கூப்பிடுவார் எனக் காத்திருந்தேன்.

போனில் ஓர் இளைஞனின் குரல்.

"இல்லத்தரசி சரண்யா மேடங்களா?"

"ஆமாம்."

"பிலோமினா மேடம் மறைவு பத்தி ரெண்டு வரி கருத்து வேணும் மேடம். கொஞ்சம் ஜல்தியா சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

"யாரு மறைவு?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன் மேடம். காலையில நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." என்று இழுத்தவன், "பேரிழப்புன்னு போட்டுக்கட்டுங்களா?" என்றான்.

நான் "ம்" என்றிருக்கிறேன். மறுநாள் வந்திருந்தது: "ஈடு செய்ய முடியாத பேரிழப்பு. சரண்யா, இல்லத்தரசி, திண்டிவனம்."

முப்பதாம் நாள் பூசையன்று கொடுப்பதற்கான இந்தச் சிறு நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அக்காவின் தங்கை கேட்டபோது நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், அந்த வரி என்னுடையது அல்ல என்று சொல்வதுதான்.

அக்காவை ஸ்கூட்டியில் பார்த்தவர்கள் நீங்கள் எல்லாரும். வெயில்காலத்திலும் பின்சீட்டில் ரெயின்கோட் கட்டியிருக்கும். பகுதி நேர நிருபர். விபத்து, திருவிழா, ஆர்ப்பாட்டம் எல்லாம் எழுதினாலும், ஆபீஸில் அவருக்கென்று ஒதுக்கியது மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் வரும் மக்கள் கருத்துப் பத்தி. நாட்டில் எது நடந்தாலும் அதைப் பற்றித் திண்டிவனத்தில் ஆறு பேர் ஏதாவது சொல்லியாகவேண்டும். ஒரு வியாபாரி, ஒரு விவசாயி, ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஒரு கல்லூரி மாணவர், ஒரு பேராசிரியர், ஓர் இல்லத்தரசி. அந்த இல்லத்தரசி நான்.

கல்யாணமான புதிதில், அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, திண்டிவனம் கேஸ் ஏஜென்சி வரிசையில் என்னைப் பிடித்தார். விலை ஏற்றம் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். எழுதிக்கொண்டே, "என்னா படிச்சிருக்கே?" என்றார்.

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அதையும் போடுங்கக்கா."

"அதெல்லாம் போட முடியாதும்மா. படிச்சவங்க கருத்துக்கு ஏற்கெனவே ஒரு பேராசிரியர் இருக்காரு. இல்லத்தரசிதான் காலியா கீது. வர்றியா?"

வேலைக்கு ஆள் எடுப்பதுபோலக் கேட்டார். நானும் வேலை கிடைத்தவள்போலத் தலையாட்டினேன். படிப்பு முடித்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

பட்ஜெட் நாளில் மதியமே போன் வரும். "உனக்கு ஏமாத்தமா, திருப்தியா?"

"நிதி மந்திரி இன்னும் படிச்சே முடிக்கலியேக்கா."

"அவங்க படிச்சு முடிக்கற வரைக்கும் பக்கம் காத்துக்கினு இருக்குமா? வியாபாரி திருப்தின்னுட்டாரு. நீ ஏமாத்தம். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

என் கணவர் வீடு விழுப்புரத்தில் இருந்தாலும் நான் திண்டிவனம் இல்லத்தரசியாகவே நீடித்தேன். மாற்றுங்களேன் என்றால், "விழுப்புரத்துல ஏற்கெனவே ஒரு இல்லத்தரசி இருக்காங்க. அந்தம்மா ரிடையர் ஆவட்டும்" என்பார். என் மாமியாருக்கு அதில் தீராத குறை. "எங்க வூட்டுச் சோத்தத் துன்னுக்கினு இன்னும் திண்டிவனம்னே போட்டுக்கினா என்னா அர்த்தம்?" என்று பேப்பரை மடித்து வைப்பார். ஆனால் எதிர்வீட்டுக்காரம்மாவிடம் அதே பேப்பரை விரித்துக் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் முதல் கேள்விக்கான பதில்கள். அக்காவிடம் இன்னொரு கேள்வி உண்டு. நான் சொன்னதை எழுதி முடித்ததும், பேனாவை மூடும் சத்தம் போனில் கேட்கும். பிறகு, "சரி, இது பேப்பருக்கு. உனக்கு என்னா?" என்பார். அதற்குச் சொல்கிற பதில் எதிலும் வராது.

அது ஏன் என்பதை ஒரு சம்பவத்தில் புரிந்துகொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அருகே ஒரு வேன் விபத்து. இறந்துபோன ஒரு பையனின் அம்மாவிடம் கருத்து வாங்கிவரச் சொல்லி அக்காவை அனுப்பியிருந்தார்கள். போனவர் மத்தியானம் முழுக்க அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஆபீஸுக்கு, "அந்தம்மா பேசல" என்று சொல்லிவிட்டார். மறுநாள் வேறொரு பேப்பரில் அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழும் படம் முதல் பக்கத்தில் வந்தது. அக்காவுக்குச் செமத்தியாகத் திட்டு.

"நிஜமாவே பேசலியாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் பேசல? விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினாங்க. பையன் காலையில இட்லி வேணாம்னுட்டுப் போனானாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கினு இருந்தாங்க. அது எனக்குச் சொன்னதுடி. ஊரு அழறத எழுதலாம். ஒரு ஆளு அழறத, பக்கத்துல உக்காந்து கேக்கத்தான் முடியும்."

இனி சொல்லப்போவது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த மலர் எங்கள் வீட்டுக்கும் வரும், படிப்பார்கள். படிக்கட்டும்.

என் மகள் பிறந்து சில மாதங்களில் அந்தப் பெருமழை வந்தது. விழுப்புரத்தில் எங்கள் தெரு முழங்காலளவுத் தண்ணீரில் கிடந்து, வடிந்து, சேறாக நாறிக்கொண்டிருந்தது. அக்கா கூப்பிட்டார். "அதிகாரிகள் விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். பேனா மூடும் சத்தம் கேட்டது.

"சரி, உனக்கு என்னா?"

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா."

"ஒண்ணும்னா?"

"பாப்பாவத் தூக்கிக்கினு மாடிக்குப் போறதில்லக்கா. பயமா இருக்கு."

"பாசி வழுக்குதா?"

"இல்லக்கா. என் கையப் பாத்தாதான் பயமா இருக்கு."

அவர் ஐயோ என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. "போன வச்சுட்டு மாமியார் பக்கத்துல போய் உக்காரு. நான் வர்றேன்" என்றார். அவ்வளவு சேற்றில், திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, அன்றைக்கே வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டைக் கடலை. அதை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, "பொண்ணு கழுத்தப் பாருங்கம்மா, தைராய்டு மாதிரி தெரியுது. பாண்டியில எனக்குத் தெரிஞ்ச டாக்டரு இருக்காரு, நாளைக்குக் காட்டிட்டு வந்துடறேன்" என்றார். அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கி, குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

காலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் போனோம். குழந்தை அவர் மடியில் இருந்தது. கண்டமங்கலத்தில் கம்பெனிக்குப் போகிற கூட்டம் ஏறியது. அந்த நெரிசலில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இது நிறைய பேருக்கு வருதுடி. ஒருத்தியும் பேப்பருக்குச் சொல்றதில்ல, அதான் உனக்கு மட்டும்னு நெனச்சிக்கினு கீறே. என்கிட்ட சொல்லிட்டே இல்ல? என்னோடவே போயிடும். பயப்படாதே."

அவர் கூட்டிப் போனது மனநல மருத்துவரிடம். பேறுகாலத்துக்குப் பின் சிலருக்கு வரும் நோய் என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை சாப்பிட்டேன், மாதாமாதம் போனேன். வீட்டைப் பொறுத்தவரை எனக்குத் தைராய்டு. ஒவ்வொரு முறையும் கூட வந்தவர் அக்கா. எதுவும் நடக்காத நாட்களிலும் போன் செய்வார்.

"இன்னிக்கு ஒண்ணும் ஏறலியாக்கா?"

"ஏறல. உனக்கு என்னா?"

ஒருமுறை நானும் திருப்பிக் கேட்டேன். "உங்களுக்கு என்னக்கா?"

"எனக்கு என்னா? பத்தி ரொம்பணும். பேராசிரியரு வேற போன எடுக்க மாட்டன்றாரு, பேஜாரா இருக்கு" என்று சிரித்துவிட்டார். அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வாங்க முடியாது.

குழந்தை நடக்கத் தொடங்கி, மாத்திரையும் நின்ற பிறகு, பழையபடி ஏதாவது விலை ஏறினால்தான் அழைப்பு வந்தது. அது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் தேறிவிட்டேன் என்று அவர் கொடுத்த சான்றிதழ்போல. அதனால்தான் இரண்டாவது குழந்தை தங்கியதும் நானாகக் கூப்பிடவில்லை. அடுத்த விலையேற்றம் வரட்டும், பேப்பருக்குச் சொல்லி முடித்ததும் அவர் கேட்பார், அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். இந்த முறையும் அந்த நோய் வருமா, வந்தால் என்ன செய்வது என்று கேட்க எனக்கு அவரைத் தவிர ஆள் கிடையாது.

அடக்கத்துக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில், சொந்தக்காரர்களோடும் சேராமல், பத்திரிகைக்காரர்களோடும் சேராமல் சிலர் தனியாக நின்றிருந்தார்கள். நானும் அங்கே போய் நின்றேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். பெயரைச் சொன்னேன்.

"அட, அந்த இல்லத்தரசியா? கேஸ் வெலைக்கு நல்லா வெளுத்து வாங்குவீங்களே! நான்தாம்மா ஆட்டோ."

பக்கத்தில் நின்ற ஹார்டுவேர் கடைக்காரர் திரும்பினார். "அப்போ பட்ஜெட்டுக்கு எப்பவும் ஏமாத்தம்னு சொல்றது நீங்கதானா?"

"எப்பவும் திருப்தின்னு சொல்றது நீங்களாண்ணே?"

"எனக்கு எங்கம்மா திருப்தி? அந்தம்மா போட்டது."

பெருமுக்கல்லிலிருந்து வந்திருந்த பெரியவர் விவசாயி. முன்தலை வழுக்கை விழுந்த ஒருவர் கூச்சத்தோடு, "நான் மாணவர்க்கா" என்றார். "எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. அவங்க மாத்த மாட்டேன்னுட்டாங்க." பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை காலமாகத் திண்டிவனத்து மக்கள் என்று அச்சில் வந்தது நாங்கள் ஆறு பேர். அன்றுதான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடக்கத்தில் சிரிக்கக் கூடாது. சிரித்தோம்.

பெட்டியை இறக்கும்போது பெருமுக்கல் பெரியவர் யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார்: "எல்லாம் எழுதிக்கினு, 'சரி, உனக்கு என்னாய்யா?'ன்னு கேக்கும். இனிமே எவன் கேக்கப் போறான்?"

நாங்கள் மற்ற ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தோம். எனக்கு மட்டும் கேட்ட கேள்வி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மற்ற முகங்களைப் பார்த்தபோது ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஆட்டோக்காரர் அவரிடம் என்ன சொல்லியிருப்பார்? அந்த மாணவர்? யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு எங்களுக்குப் பழக்கமில்லை. சொல்லித்தான் பழக்கம். மண் அள்ளிப் போட்டுவிட்டு, வர்றேன், வர்றேன் என்று கலைந்துவிட்டோம். என்னோடவே போயிடும் என்று எனக்குச் சொன்னார். ஆறு பேருடையதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய தங்கையிடம் கேட்டேன். நாலைந்து நாளாகவே நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்ததாம். "வாயுன்னு சொல்லிக்கினு சோடா வாங்கிக் குடிச்சிக்கினு இருந்தாம்மா. எங்ககிட்டகூட வலின்னு சொல்லல" என்று அழுதார்.

அவர் இறந்த மறுநாள் பேப்பரில் எங்கள் ஆறு பேரின் கருத்தும் அதே பத்தியில், அதே ஓரத்தில் வந்தது. பேரிழப்பு, ஈடு செய்ய முடியாத இழப்பு, பெரும் துயரம். ஆறும் ஒன்றுபோல. அன்று மட்டும் ஆபீஸில் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் கேஸ் விலை ஏறியது. அந்த இளைஞன்தான் கூப்பிட்டான். மரியாதையான பையன், அவன்மேல் எனக்குக் குறையில்லை. ஏமாற்றம் என்றேன், நடுத்தரக் குடும்பங்கள் பாதிக்கப்படும் என்றேன். "ஓகே மேடம், தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டான். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேனா மூடும் சத்தத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். மகள் முந்தானையை இழுத்து, "போன்ல யாரும்மா?" என்றாள். யாருமில்லை என்றேன்.

அக்காவின் பொருள் என்று என்னிடம் எதுவுமில்லை, ஒரு போட்டோகூட இல்லை. அந்தக் கேள்வி மட்டும்தான் இருக்கிறது. அதை நானே என்னைக் கேட்டுப் பார்க்கிறேன். அவர் குரல் இல்லாமல் அதற்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆனாலும் இரண்டு வரி கேட்டார்களே, கொடுத்துவிடுகிறேன். இதைப் பேப்பருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது. எனக்கு என் கைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.