மகேஸ்வரியின் வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார்

பத்து நாள் முன்பு, மந்தாரக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் பிளாக்கில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, கல்யாண வீட்டு சாம்பாரில் உப்பு கூடினாலும் சரி… முதலில் கேட்கும் குரல் என்னுடையதுதான். அப்படிப்பட்டவள், பேசியே ஆகவேண்டிய இடத்தில் பேசாமல் நின்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

அவள் பெயரை மகேஸ்வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வயது நாற்பதுக்குள். ஓர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை – கான்ட்ராக்ட்தான், பர்மனென்ட் இல்லை. மகள் யாழினி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். என்னிடம் இங்கிலீஷ் டியூஷனுக்கு வந்த பெண். அந்த வகையில்தான் அம்மாவும் எனக்குப் பழக்கம்.

யாழினியின் அப்பா? கரூர் பக்கம் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போவார். மகேஸ்வரி எனக்குச் சொன்னது இதுதான். ஊருக்கெல்லாம் சொன்னதும் இதுதான்.

ரிசல்ட் வந்த வாரம் ஒருநாள் வந்தாள். சிதம்பரத்தில் நர்சிங் கோர்ஸில் இடம் இருக்கிறதாம். முதல் தவணை கட்ட சீட்டுப் பணம் இருக்கிறது. மாதாமாதம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் கையைக் கடிக்கும் என்றாள்.

“அவங்கப்பா அனுப்ப மாட்டாரா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவரு போயி எட்டு வருசம் ஆவுதுக்கா. உசுரோட கீறாரா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொங்கலுக்கு வந்தாரே, யாழினிக்குச் சுடிதார் எடுத்தாரே என்று கேட்டேன். அவர் வரவே இல்லையாம், சுடிதாரும் அவளே வாங்கியதாம்.

“வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? புருசன் இல்லன்னா எவன்க்கா வூடு குடுக்கறான்?”

அது சத்தியமான வார்த்தை. அவள் குடியிருப்பது வரிசையாக ஐந்தாறு போர்ஷன் உள்ள இடம். ஹவுஸ் ஓனர் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் குடும்பத்துக்கு மட்டும்தான் வீடு விடுவார். புருஷன் இல்லாத ஒரு பெண் முன்பு அங்கே குடியிருந்தாளாம். ஷிப்ட் முடிந்து போகிற ஆண்கள் அவள் வாசலில் வண்டியை ஸ்லோ பண்ணுகிறார்கள் என்று அவளைக் காலி பண்ண வைத்தார். வண்டியை ஸ்லோ பண்ணினவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் மகேஸ்வரி ஒரு புருஷனை வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாளாம். யாருமே போடாத சட்டை! ராத்திரி கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், “ஏங்க, யாருன்னு பாருங்க” என்று வெறும் வீட்டைப் பார்த்துச் சொல்வாளாம்.

புருஷன் செத்துப்போனால் நாலு பேர் வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். பதினாறு நாளைக்காவது சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஓடிப்போனால்? நீ என்ன பண்ணித் தொலைத்தாய் என்று கேட்பார்கள். வந்து போகிறான் என்று சொல்லிவிட்டாலோ, அழவும் வழியில்லை. சௌக்கியமாக இருக்கிறவனுக்காக யார் முன்னால் போய் அழுவது?

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறதே… அது வந்தால் யாழினியின் சாப்பாடும் பஸ்ஸும் அடங்கிவிடும். “மனு போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அவள் தயங்கினாள். தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்றாள். எல்லாம் ரகசியமாகத்தான் நடக்கும் என்று அடித்துச் சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ, எனக்கே தெரியவில்லை.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். நானும் துணைக்குப் போயிருந்தேன். சின்ன வயசு, மரியாதையான பையன். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரித்தார். அவ்வளவுதான்.

“இவங்க வீட்டுக்காரர் இவங்ககூட இல்லையாமே?”

ஹவுஸ் ஓனர் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“இன்னா சார் இது அநியாயமா இருக்குது? எவனாவது மொட்டக் கடுதாசி போட்டானா? குடும்பப் பொண்ணு சார் இது! வூட்டுக்காரரு கரூர்ல வேல செஞ்சிக்கினு இருக்காரு. பொங்கலுக்குக்கூட வந்துட்டுப் போனாரு.”

“நீங்க பார்த்தீங்களாம்மா?”

“நான் எம் பொண்ணு வூட்டுக்குப் போயிருந்தேன். அவரு வாங்கியாந்த கரும்பக் குடுத்தாளே! இந்தக் கையாலதான் வாங்கனேன்.”

சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிப் போய் மகேஸ்வரியே தூக்கி வந்த கரும்பு அது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குச் சாட்சி. ஒருத்தி கொடியில் கிடந்த சட்டையைக் காட்டினாள். எதிர் போர்ஷன் பெண் ஒருபடி மேலே போய், “நல்ல ஒசரமா, செகப்பா இருப்பாரு சார்” என்றாள். எட்டு வருஷமாக ஒருத்தரும் பார்க்காத மனிதன்! அத்தனை பேரும் அவளுடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மனசிலும் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வி.ஏ.ஓ. மகேஸ்வரியைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்கம்மா. அவர் வர்றாரா, இல்லையா?”

இல்லை என்றால் பணம் வரும், வீடு போகும். இந்தத் தெருவிலிருந்து போனால் அடுத்த தெருவிலும் அதே கேள்வி. வருகிறார் என்றால் வீடு நிற்கும், மகளின் படிப்பு போகும். பக்கத்தில் யாழினி நின்றிருந்தாள். எந்தப் பதிலுக்கு எது போகும் என்று அவளுக்கும் தெரியும்.

நான் வாயைத் திறக்கப் போனேன். மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். வேண்டாம்க்கா என்று கெஞ்சுகிற பார்வை. நான் நின்றுவிட்டேன்.

“வருவாரு சார்” என்றாள்.

“அப்ப எதுக்கும்மா மனு போட்டீங்க?”

“தெரியாமப் போட்டுட்டேன் சார்.”

விடுவேனா? பைக்கை ஸ்டார்ட் பண்ணப் போனவரைத் தெருமுனையில் மறித்து, உண்மையைக் கொட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“புரியுது மேடம். ஆனா தெருவே வர்றாருன்னு சொல்லுது. அந்தம்மாவே ஆமாங்கறாங்க. நான் எதை வச்சு எழுதறது? கோர்ட்ல டைவர்ஸ் வாங்கச் சொல்லுங்க, ஈஸியா முடிஞ்சிடும்.”

டைவர்ஸ் வாங்க முதலில் ஆள் வேண்டாமா? எங்கே போய்த் தேடுவது? கரூரிலா? அந்த ஊரையே அவள் பஸ் போர்டு ஒன்றைப் பார்த்துத்தானே பிடித்தாள்!

நம் ஊர் நியாயத்தைப் பார்த்தீர்களா? வீடு வேண்டுமென்றால் புருஷன் இருக்க வேண்டும். உதவி வேண்டுமென்றால் புருஷன் இருக்கக் கூடாது. இரண்டும் வேண்டியிருக்கிற ஒருத்தி எங்கே போவாள்? கைவிடப்பட்டவள் என்று ஊரறிய நிற்கத் தெம்பு இருக்கிறவளுக்குத்தான் இங்கே உதவி. அந்தத் தெம்பு இருந்தால் அவளுக்கு உதவியே தேவைப்பட்டிருக்காதே!

மாதாமாதம் நான் தருகிறேன் என்று மகேஸ்வரியிடம் சொன்னேன். “எத்தினி மாசத்துக்குக்கா குடுப்பீங்க?” என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள். மாமியார் மருந்து, பையன் பீஸ் என்று என் மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சீ என்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை யாழினி புதுச்சேரிக்குப் போய்விட்டாள். ஜவுளிக்கடையில் வேலை, தங்க இடம் அவர்களே தருகிறார்களாம். ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டுப் படிக்கிறேன் ஆன்ட்டி என்று போனில் சொன்னாள். இப்படிச் சொல்லிவிட்டு கடைக்குப் போன பெண்களில் திரும்பிப் படிக்க வந்த ஒருத்தியையும் இதுவரை நான் பார்த்ததில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. மகேஸ்வரி இப்போது நிஜமாகவே தனி.

முந்தாநாள் மார்க்கெட்டில் ஹவுஸ் ஓனர் அம்மாவைப் பார்த்தேன். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“நல்ல வேள நான் அன்னிக்கு வூட்ல இருந்தேன் மேடம்! இல்லாங்காட்டி அந்த சாரு, நம்ம மகேசுவ வாழாவெட்டின்னு எழுதிக்கினு போயிருப்பாரு. அவரு போனதுக்கப்புறம் எங் கையப் புடிச்சிக்கினு இன்னா அழுக அழுதா தெரியுமா? நன்றியுள்ள பொண்ணு மேடம்.”

தலையாட்டினேன்.

“பாவம், பொண்ணும் ஊருக்குப் போயிட்டா. தனியா கெடக்கறா. தீபாவளிக்காவது வருவாருல்ல மேடம், அவ வூட்டுக்காரரு?”

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“லீவு கிடைச்சா கட்டாயம் வருவாரும்மா” என்றேன்.