ஓபரா மண்டபத்து நாற்காலிகள்

போன கிழமை கர்க்லாண்டில் ஒரு நண்பர் வீட்டுச் சோபாவுக்குப் புதுத் துணி போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே பசை மணம் மூக்கில் ஏறியது. எல்லோரும் ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் விசரன்போல மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். தொண்ணூறுகளில் அந்த மணம்தான் எனக்குச் சோறு போட்டது, பாருங்கள்.

அப்போது இதே நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில், பழைய இருக்கைகளைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் வேலை. அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. ஊரில் கணிதப் பட்டதாரி. இங்கே ஆணி பிடுங்குவதில் மன்னன். ஒருநாள் லொறி நிறையச் சிவப்பு நாற்காலிகள் வந்தன. வடக்கே ஒரு சின்னச் சுரங்க ஊரின் ஓபரா மண்டபத்தில் இருந்தவையாம். லொறிக்காரர் கோப்பி குடித்தபடி கதையைச் சொன்னார். கிழமை முழுக்கச் செம்பு தோண்டியவர்கள் ஞாயிறுகளில் கூடிக் கட்டிய மண்டபம். ஓபரா வந்தது இரண்டு முறையோ மூன்று முறையோ. பிறகு சினிமா, மல்யுத்தம், பிங்கோ. சுரங்கம் இடிந்தபோது பிணங்களை அந்த மேடையில்தான் கிடத்தினார்களாம். செத்தவர்களின் பெயர்களைப் பித்தளைத் தகடுகளில் பொறித்து, ஆளுக்கொரு நாற்காலியில் அடித்தார்கள். சுரங்கத்தை மூடியதும் ஊர் கலைந்தது, மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள்.

முதலாளி தகடுகளைக் கழற்றச் சொன்னார். பித்தளைக்கு விலை உண்டல்லவா. நானும் என் சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றி வாளியில் போட்டேன். பெயர்களை வாசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கணவருடைய நாற்காலியைத் தேடி ஒரு வயதான பெண் வடக்கேயிருந்து பஸ் பிடித்து வந்தார். "வரும்போதே தகடு ஒன்றும் இருக்கவில்லை" என்றார் முதலாளி. அந்தப் பெண் நம்பவில்லை. ஒவ்வொரு கைப்பிடியாகத் தடவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். கணவரின் பெயரைச் சொல்லி, "பார்த்தீர்களா, மெஸ்யூ?" என்று பிரெஞ்சில் கேட்டார். வாளி என் மேசைக்கடியில் இருந்தது.

பக்கத்து மேசையில் வேலை செய்த குலம் அண்ணை தலையைத் தூக்காமலே சொன்னார்: "தம்பி, வாயைத் திறக்காத. வேலை போச்செண்டா கேஸுக்கு என்னத்தைக் காட்டுவாய்?"

மாலை வகுப்பில் ஒரு வருடம் பிரெஞ்சு படித்திருந்தேன். அந்தப் பெண் கேட்டது நன்றாகவே விளங்கியது. "பிரெஞ்சு தெரியாது" என்று பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டு, வாளியைக் காலால் உள்ளே தள்ளினேன். அவர் அந்தப் பெயரை இன்னொரு தரம், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பழைய உலோகம் எடுப்பவர் வந்தார். வாளியைத் தூக்கிக் கொடுத்தது நான்தான்.

வழக்கு வென்றேன். இன்றைக்கும் அந்த வாளியை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. குலம் அண்ணை காலமாகிவிட்டார். அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே இரண்டு தரம் சொன்ன பெயரை எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். முதல் எழுத்துக்கூட வரவில்லை.