பாய் எப்ப வருவாரு?

திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் நானும் என் நண்பனும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவன் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் கொஞ்சுவது, வெளியில் சண்டை போடுவது எல்லாமே தமிழில்தான்.

அந்த வருஷம் வந்த ஒரு படத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் வாய்க்கு வாய் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசினார். கொட்டகையே குலுங்கியது. என் நண்பன் மட்டும் என் பக்கம் குனிந்து, “இந்த ஆளு எந்த ஊருடா?” என்று கேட்டான்.

“உங்காளுதான்.”

“எங்காளுக யாருக்கும் இப்புடி வாய் கோணுனதில்லையே.”

சில மாதம் கழித்து, நாகல் நகரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். எழுதி நடத்தியவர் தபாலாபீஸ் குமாஸ்தா. அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தவர். கதையில் ஓர் அத்தர் வியாபாரி உண்டு. நிஜ பாயே கையில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று என் நண்பனைப் பிடித்துப் போட்டார்.

ஒத்திகையில் அவன் சாதாரணமாகப் பேசினான். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.

“பாய் மாதிரி பேசுப்பா!”

“நான் பாய்தானண்ணே.”

“அது எனக்குத் தெரியும். பாக்க வர்றவனுக்குத் தெரிய வேணாமா?”

ஒரு வாரம் மண்டியில் ஆட்டுத்தோலைப் புரட்டிக்கொண்டே பழகினான். நான்தான் வாத்தியார். “நம்பள்கி செத்த நேரம் ஒக்காரணும்” என்பான். “நிம்பள் இன்னிக்கு என்னா வெஞ்சனம்?” என்பான். மண்டி ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

நாடகத்தன்று சாயங்காலம் முன்வரிசையில் அவன் அப்பா வந்து உட்கார்ந்தார். திரை இடுக்கில் பார்த்தவனுக்கு வேர்த்துவிட்டது. “எங்க அத்தா முன்னாடி அந்தக் கண்றாவியப் பேச மாட்டேன்” என்றவன், ஒட்டுத்தாடியையும் தொப்பியையும் மறந்து, கைலியோடு மேடையேறிவிட்டான். தன் சொந்தப் பேச்சிலேயே காட்சி முழுவதையும் நடித்தான். நன்றாகவே நடித்தான்.

காட்சி முடிந்து அவன் திரைக்கு உள்ளே வந்ததும் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். “ஏப்பா, நோட்டீஸுல பாய் வேஷம்னு போட்ருந்துச்சே. பாய் எப்ப வருவாரு?”

அதற்குப் பிறகு வந்த சோகக் காட்சியிலும் ஜனம் சிரித்தது. குமாஸ்தா எங்களோடு பேசவில்லை.

எல்லாம் முடிந்து அத்தா வந்தார். நண்பன் தலை குனிந்து நின்றான்.

“நல்லாத்தான் பேசுன அப்பு” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆனா சினிமாவுல அந்தாளு பேசுறதுல ஒரு இது இருக்குல்ல?”

“நீங்களும் பாத்தீகளா அத்தா?”

“ரெண்டு தடவ. அம்மாட்ட சொல்லிராத.”

அடுத்த மாதம் வத்தலக்குண்டில் போட்டபோது அந்த வேஷத்தைக் குமாஸ்தாவே கட்டினார். ‘நம்பள்கி’ என்று வாயைத் திறந்ததுமே கைதட்டல். ஓரத்தில் என்னருகே நின்று என் நண்பனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குத்தான் ஏனோ அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.