ஊற்றடியில் போன நேரம்

எங்கள் வீட்டுக் கதவின் பின்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சோற்றுப் பசை தடவி நான் ஒட்டியது. எழுந்திருப்பது முதல் விளக்கை அணைப்பது வரை என் ஒரு நாள் அதில் கட்டம் கட்டமாக இருந்தது. கட்டங்களை அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் போட்டிருந்தேன்.

அண்ணன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதென்னடி, ரயில் வர்ற நேரம் எழுதிப் போட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

"நான் எந்த நேரத்துல என்ன செய்யணும்னு எழுதியிருக்கேன், மதினி."

"உலை கொதிக்கிற நேரம் அதுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதற்கும் ஒரு கட்டம் போட்டேன்.

மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில், தென்கடலைப் பார்த்த கரையில் எங்கள் வீடு. அய்யா காய்ச்சலில் இறந்த பிறகு, அண்ணன் கடலுக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் அம்மா, மதினி, கைக்குழந்தை, நான் எல்லோரும் சாப்பிட்டோம். பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து தட்டச்சில் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது, ஒருவர் பேசுகிற வேகத்திலேயே கோடும் வளைவுமாக எழுதும் தமிழ்ச் சுருக்கெழுத்து. ஆபீஸ்களில் தமிழில் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. இரண்டும் தெரிந்த பெண்ணுக்கு வேலை கிடைக்கும் என்று இன்ஸ்டிடியூட் வாத்தியார் அண்ணனிடமே சொல்லியிருந்தார்.

அன்று ரயிலில் திரும்பி, வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய பிறகு அண்ணன் சொன்னான்.

"இங்கேரு பிள்ள. ஒரே தடவைதான். தேறிட்டா வேலைக்குப் போ, உன்னைய யாரும் தடுக்கல. இல்லேன்னா அம்மாகூடக் கருவாட்டுக் கொட்டகைக்குப் போயிரணும். மறுபடியும் பரீட்சைன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"சரிண்ணே."

அவனிடம் கோபமில்லை. ஒரு வலையில் இத்தனை கண்தான் என்பதுபோல் சொன்னான். அம்மா கொட்டகையில் உப்பில் நின்று நின்று காலெல்லாம் வெடித்துப்போனவள். அவள் காலை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒழுங்கு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இன்ஸ்டிடியூட். பென்சில்களை வகுப்பு தொடங்குமுன் சீவி வைக்க வேண்டும். எழுதும்போதே இடது கை விரல் அடுத்த பக்கத்தின் மூலையைத் தூக்கித் தயாராக வைத்திருக்க வேண்டும். பக்கம் திருப்பும் நேரத்தில் வாத்தியார் நாலு வார்த்தை தாண்டிப் போய்விடுவார். வீணாகும் நேரம் எங்கே இருக்கிறது என்று தேடுவது எனக்கு அங்கே பழக்கமாகி, பிறகு வீட்டிலும் கண் அதையே தேடியது. விறகை முந்தின மாலையே ஒடித்து வைத்தேன். சாம்பல், துடைப்பம், அரிவாள்மனை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்தேன். மதினி தன் சீப்பைக் காணாமல் திட்டிவிட்டு, அது எப்போதும் ஒரே ஆணியில் தொங்குவதைக் கண்டதும் திட்டுவதை நிறுத்தினாள்.

இப்படிச் சுருக்கிக்கொண்டே வந்தும், தாளில் ஒரு பெரிய பகுதி மட்டும் குறையாமலே கிடந்தது. தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் கிணற்று நீர் உப்பு. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மணலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதற்கு ஊற்று என்று பெயர். ஆடு இறங்காமல் சுற்றிலும் முள் வைத்திருப்போம். அடியில் ஒரு கை அளவு நீர் சேரும். தேங்காய்ச் சிரட்டையால் மணல் கலங்காமல் மொள்ள வேண்டும். பிறகு மறுபடி ஊறும்வரை சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே காலையும் மாலையும் பெண்கள் குடங்களோடு சுற்றி உட்கார்ந்திருப்போம். மொள்ளும் நேரம் கொஞ்சம். மீதியெல்லாம் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பில் நான் ஈர மணலில் விரலால் சுருக்கெழுத்து எழுதிப் பழகுவேன். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் தெருவில் மீன் கூடை சுமந்து விற்கும் ஓர் அக்கா இருந்தாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். வாத்தியார் படிப்பதைவிட அவள் வேகம் அதிகம்.

ஒருநாள் கவனித்துவிட்டாள். "ஏடி, என்ன மணலக் கோழி கிண்டுன மாதிரி கிண்டிக்கிட்டு இருக்க?"

"நீங்க பேசுறதத்தான் எழுதுறேன்க்கா."

"நான் பேசுறதையா? எங்க, வாசி பாப்போம்."

வாசித்தேன். "'எங்க வீட்டு மனுசன் வலையை வித்துக் குடிச்சுட்டு வந்து, அது கடல்ல விழுந்துருச்சுங்குறான். விழுந்தது வலையா நீயான்னு கேட்டேன். ரெண்டும்னு சொல்லிட்டுப் படுத்துட்டான்.'"

ஊற்றைச் சுற்றியிருந்தவர்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா வாயில் கை வைத்தாள்.

"ஆத்தாடி! ஒரு சொல்லு விடலையே! அழிச்சிரு, அழிச்சிரு. அந்தாளு பாத்தா என்ன ஆகும்!"

"அவருக்கு இந்த எழுத்து தெரியாதுக்கா."

"அவனுக்கு எந்த எழுத்துதான் தெரியும்!" என்று சொல்லித் தானே காலால் மணலைத் தேய்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சண்டை ஏதாவது நடந்திருந்தால், உட்காரும்போதே "எழுதிக்கடி" என்றுதான் தொடங்குவாள்.

இதையெல்லாம் நான் படிப்பு என்று கணக்கில் வைக்கவில்லை. படிப்பு என்றால் நோட்டு, பென்சில், பாய், அமைதி. ஊற்றடி என்றால் வேலை. தாளில் அந்தப் பகுதிக்கு எதிரே 'தண்ணீர்' என்று மட்டும் எழுதியிருந்தேன். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்போது, மீட்கக்கூடிய நேரம் வீட்டில் அது ஒன்றுதான் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் கடலைவிட்டுத் தள்ளியிருந்த ஓர் ஊர்க் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணனிடம் கேட்டேன்.

"காசு குடுத்துத் தண்ணியா?"

"பரீட்சை வரைக்கும் மட்டும். அந்த நேரத்துல படிப்பேன்."

வலையை உதறிக்கொண்டே யோசித்தான். "படிக்கிறதுக்குத்தான?"

"ஆமாண்ணே."

அன்றிலிருந்து அவன் காலையில் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரர் மதினியிடம் விசாரித்ததால் எனக்குத் தெரியவந்தது.

முதல் நாள் வண்டி வந்தது. குடங்கள் நிறைந்தன. காலை வெயில் ஏறுமுன் வேலை எல்லாம் முடிந்திருந்தது. பாயை விரித்து, நோட்டை வைத்து, பென்சில்களை வரிசையாக அடுக்கினேன். என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக முன்னால் ஒரு முழு வெற்று நேரம். நான் ஒரு வரி எழுதுமுன் மதினி குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"சும்மாதான இருக்க. கொஞ்சம் பாத்துக்க, துணிய அலசிட்டு வாரேன்."

"படிக்கிறேன் மதினி."

"படி, யாரு வேணாங்குறா? மடியில கெடக்குறவ உன் பென்சிலயா புடுங்குறா?"

குழந்தை பென்சிலைப் பிடுங்கினாள்.

மறுநாள் அண்ணன் கிழிந்த வலையை என் பக்கத்தில் போட்டான். "கண்ணு நோட்டுல இருக்கட்டும், கை வலையில இருக்கட்டும்." சுருக்கெழுத்துக்குக் கை வேண்டும் என்று சொன்னேன். "ஒரு பொழுதுதான" என்றான். அவனும் விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தான். கண் சிவந்து கிடந்தது. வலையை எடுத்துக்கொண்டேன். அம்மா கொட்டகையிலிருந்து ஓலைப்பெட்டிக்கு ஓலை கொண்டுவந்து, "நீதான் இப்ப வீட்டுல இருக்கியே" என்று என் முன் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் தாளைக் கிழித்துப் புதிதாக ஒன்று எழுதினேன். குழந்தை தூங்கும் நேரம் எது, அம்மா வரும் நேரம் எது என்று பார்த்து என் கட்டங்களை இடையில் செருகினேன். ஒரு கட்டம் காலியாகத் தெரிந்த மாத்திரத்தில் அதற்குள் யாராவது எதையாவது வைத்தார்கள். நான் எவ்வளவு வேகமாக முடித்தேனோ அவ்வளவு வேலை வந்து சேர்ந்தது.

ஊற்றடியில் இது நடந்ததே இல்லை. அங்கே நான் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தபோது, வீட்டில் எல்லோரும் நான் வேலை செய்வதாக நினைத்தார்கள். குடம் பாதியாக இருக்கும்போது யாரும் என்னைக் கூப்பிட முடியாது. வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தபோதோ, சும்மா இருப்பதாக நினைத்தார்கள். எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே நேரத்தை நானே தேடிப் பிடித்து வெட்டியிருந்தேன். இது புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

நான் எழுதிப் பழக உரக்கப் படித்துக் காட்டவும் ஆள் இல்லை. இன்ஸ்டிடியூட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் போக முடிந்தது. ஒரு மாலை அண்ணன் தானாகவே டீக்கடையிலிருந்து பழைய செய்தித்தாள் ஒன்றை வாங்கிவந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"மா... நி... மாநில... அர... அரசு..."

எழுதிவிட்டுக் காத்திருந்தேன். என் கை நிற்பதைப் பார்த்து, "வேகமாப் போயிட்டேனோ?" என்று கேட்டு இன்னும் மெதுவாகப் படித்தான். இரண்டு பத்தி முடியுமுன் தாள் மடியில் இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். தாளை எடுக்காமல் அப்படியே விட்டேன்.

பிறகு ஒருநாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குக் கிளம்பினேன்.

"காசு குடுத்து வாங்குறோமே, அங்கன எதுக்கு?" என்றாள் அம்மா.

"வண்டித் தண்ணியில பீப்பாய் வாடை அடிக்குது" என்றேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. அந்தக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்; படகுகளை வடகரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சில குடும்பங்கள் காற்று மாறும்வரை அங்கேயே குடிசை போட்டுக்கொள்ளும். கூடைக்கார அக்காவும் போய்விட்டிருந்தாள். மீதியிருந்த வீடுகளில் பலர், நாங்கள் வாங்குவதைப் பார்த்து, வண்டித் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள். ஊற்றில் இரண்டே பேர் இருந்தார்கள். காற்று மணலை முகத்தில் அடித்ததால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் மொண்டார்கள். நாலைந்து நாளில் அவர்களும் வரவில்லை. பல கைகள் தினமும் மொள்ளாத ஊற்று நிலைக்காது. ஓரம் சரிந்து, பள்ளம் ஆழம் குறைந்து, கடைசியில் முள் மட்டும் நின்றது.

பரீட்சையன்று மதினி எனக்குத் தன் நல்ல சேலையைக் கொடுத்தாள். அண்ணன் ஸ்டேஷன் வரை வந்தான். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அறை. ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. பென்சில்கள் சீவியிருந்தன. பக்கத்தின் மூலையை விரல் சரியாகத் தூக்கி வைத்திருந்தது. நாங்கள் எழுத உரக்கப் படிப்பவர் தொடங்கினார். முதல் பக்கம் முழுவதும் அவரோடு போனேன். இரண்டாவது பக்கத்தில் கொஞ்சம் பின்னால் போனேன். பிறகு ஒரு நீளமான வாக்கியம் வந்தது. அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வால் போய்விட்டது. அதை எட்டிப் பிடிக்கப் போய் அடுத்ததும் போயிற்று. ஒரு பத்தி முழுவதும் வெறும் தாள். அறையில் மற்ற பென்சில்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உச்சிப்புளி தாண்டும்போது, வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். அண்ணன் ஸ்டேஷனிலேயே நின்றான்.

"எப்படி?"

"ஒரு பத்தி விட்டுப்போச்சுண்ணே."

"ஒரு பத்திதான? மிச்சத்துக்கு மார்க்கு போட மாட்டானா?"

"மாட்டாங்க."

சேலை நுனி தரையில் படாமல் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். மறுநாள் காலை தண்ணீர் வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. முடிவு பிறகுதான் வந்தது; யாருக்கும் அது புதிய செய்தியாக இல்லை.

எங்களுக்கு வண்டி நின்றதால் அந்த வாரமே ஊற்றை நான் மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை முதல் கொட்டகைக்குப் போவதென்று ஏற்பாடு. அதற்கு முந்தின ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து குடத்தோடு போனேன். காற்று தணிந்திருந்தது. வடகரைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. மணலை அள்ளி வெளியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் கலங்கலாக ஊறியது. அதை இறைத்துக் கொட்டினேன். பிறகு காத்திருந்தேன். வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். வெடித்த காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் என் விரலையே பார்த்தாள். அது ஒன்றும் எழுதவில்லை. மணலில் சும்மா கிடந்தது.

"இங்கன உக்காந்துதான் எழுதுவியாமே. கூடைக்காரி அன்னைக்கே சொன்னா. நான்தான் வெளையாட்டுன்னு நெனச்சேன்."

"ஆமாம்மா."

"எனக்கு அவளாட்டம் கதை பேசத் தெரியாது." கொஞ்சம் தயங்கினாள். "செபம் சொல்லவா? அத வேகமாச் சொல்லுவேன்."

இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்தாள். உண்மையிலேயே வேகமாகத்தான் சொன்னாள். கொட்டகை வேலைக்கு ஓடிக்கொண்டே இத்தனை வருடமும் சொன்ன செபம் அது. நான் மணலைக் கையால் சமன் செய்துவிட்டு எழுதினேன். மாலையின் முதல் மணிக்குப் போட்ட அதே கோடுகளும் வளைவுகளும்தான் இரண்டாவது மணிக்கும், மூன்றாவதுக்கும். கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போனது. அதில் பழகுவதற்கு ஒன்றும் இல்லை. அதை நான் சொல்லவில்லை. இனி எந்தப் பரீட்சைக்கு என்றும் கேட்கவில்லை.

அம்மா நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வேகமாப் போறேனா?"

"கொஞ்சம் வேகந்தான்" என்றேன். "மெதுவாச் சொல்லுங்க."

அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. மணியைப் பிடித்த இடத்திலிருந்து, மெதுவாக, மறுபடி தொடங்கினாள். குடம் இன்னும் பாதிகூட நிறையவில்லை.