சுழல் நாற்காலியைப் பறிகொடுத்தவர்

எங்கள் தெரு சலூன்காரர் பேச்சில் சூரர். ஆனால் நேருக்கு நேர் பேசி யாரும் பார்த்ததில்லை. நம் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் தெரியும் நம் முகத்தோடுதான் பேசுவார். அரசாங்கம் கவிழ்ந்ததும், அடுத்த வீட்டுக் கல்யாணம் நின்றுபோனதும் பின்மண்டை வழியாகவே எங்களுக்கு வந்து சேர்ந்தன. தெருவில் எதிர்ப்பட்டால் மனிதர் தரையைப் பார்த்தபடி நழுவிவிடுவார்.

கடையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. இரும்புக் கால், சிவப்பு ரெக்சின். அதன் கைப்பிடிகள் மேல் பலகை போட்டுத்தான் எங்கள் எல்லோருக்கும் முதல் கிராப்பு. கடை சாத்தும் நேரம் அவர் மனைவி வருவார். அதில் ஏறி உட்கார்ந்து, "ஒரு சுத்து சுத்தி விடுங்க" என்பார்.

"தலை சுத்துதுன்னு அப்புறம் என்னைத் திட்டுவ."

"அது எப்படியும் திட்டுவேன். நீங்க சுத்துங்க."

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் நாற்காலி இருந்தது. அதைத்தான் விசில் என்று நாங்கள் கூப்பிடுபவன் திருடி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். விசில், வீடுகளுக்கு வெள்ளையடிப்பவன். அதே பலகையில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனைதான் பாக்கி. அதைச் சொல்லுமுன் பறிகொடுத்தவர் பேச்சையும் கேட்பது அந்த நீதிபதியின் வழக்கம். சலூன்காரர் பேசுவதைப் பொறுத்து விசில் சிறைக்கும் போகலாம், எச்சரிக்கையோடு வீட்டுக்கும் போகலாம்.

சலூன்காரருக்கு அவர் மச்சினர் பயிற்சி கொடுத்தார். "முதல்ல அழுங்க மச்சான். அப்புறம் கோபப்படுங்க."

"ரெண்டும் சேர்ந்து வராதுடா."

"ஏன் வராது? எங்கக்காகிட்ட தினம் பார்த்தீங்களே!"

நீதிமன்றத்தில் எதிரே நீதிபதி, பக்கத்தில் வக்கீல்கள். சலூன்காரர் தரையையே பார்த்தார்.

"தயங்காம சொல்லுங்க பெரியவரே" என்றார் நீதிபதி.

"ஐயா, எதிர்ல நின்னு பேசிப் பழக்கமில்ல. அவன் பின்னாடி போய் நின்னுக்கட்டுமா?"

சிரிப்பு அடங்கியதும் நீதிபதி சம்மதித்தார். போலீஸ்காரர் மட்டும் சலூன்காரரின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். சீப்புதான் இருந்தது.

அவர் பின்னால் போய் நின்றதுமே விசிலின் தலை தானாகக் குனிந்தது.

"நிமிருடா. இன்னைக்கு வெறும் பேச்சுதான்." அப்புறம் மடை திறந்தது. "முதல் கிராப்புக்கு வந்தப்போ என் கையைக் கடிச்சவன் நீ. உங்கப்பன் பயந்து வெளியே ஓடிட்டான். அவதான் உன் தலையைப் பிடிச்சுக்கிட்டா. அவ உக்காந்த இடம்டா அது. இரும்புக்காரன் எடை போட்டானே, அவளையும் சேர்த்தாடா போட்டான்?"

விசில், "மாமா" என்றான்.

"என்ன தண்டனை கொடுக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்றார் நீதிபதி.

"கொலைவெறியோடதான் வந்தேங்க. கொட்டினதுல கொஞ்சம் இறங்கியிருக்கு. காலையில திரும்ப ஏறிடும். இதை நம்பி எதுவும் எழுதாதீங்க."

ஆறு மாதம் என்றார் நீதிபதி.

"ஐயா, நான் பேசினதால கூடுச்சா, குறைஞ்சுச்சா?"

"எல்லாத்தையும் பார்த்துத்தான் முடிவு பண்ணினேன். பிரிச்சுச் சொல்ல முடியாது."

வராந்தாவில் மச்சினர் பொருமினார். "அழுதிருந்தா ஒரு வருஷம் கிடைச்சிருக்கும்." விசிலின் வக்கீலோ, "பேசாம இருந்திருந்தா இன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்" என்றபடி நகர்ந்தார்.

கீழே படிக்கட்டில் விசிலின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா கேட்டா, நான் பேசிக் கூடுச்சுன்னு சொல்றதா, குறைஞ்சுச்சுன்னு சொல்றதாடா?" என்றார் சலூன்காரர்.

மச்சினர் ஆட்டோ கூப்பிடப் போய்விட்டார்.